14 அணிகளுக்குப் பந்து வீசிய எட்வின் ஜாக்சன்: பந்தாடப்பட்டவரா, தேடி அழைக்கப்பட்டவரா?

#1 மூன்றாம் பேஸ்

ராசியில்லாத ஆட்டக்காரர்கள் பற்றிய இழையில் போன வாரம் ஒரு நண்பர் எட்வின் ஜாக்சன் பெயரையும் சேர்த்திருந்தார். அங்கேயே பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது. அதனால் தனி இழை.

பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்கு முதலில் ஆள் யார் என்று சொல்லிவிடுகிறேன். வலது கை பிட்சர். 2003 முதல் 2019 வரை மேஜர் லீகில், அதாவது பேஸ்பாலின் உச்ச லீகில், 14 அணிகளுக்குப் பந்து வீசினார். லீகில் இருப்பதே 30 அணிகள்தான், கிட்டத்தட்டப் பாதியைப் பார்த்துவிட்டார். கணக்கு: 107 வெற்றி, 133 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 4.78, ஸ்டிரைக் அவுட் (பேட்ஸ்மேனைப் பந்தை அடிக்கவிடாமலே அவுட் ஆக்குவது) 1,508. இந்த எண்களைப் பார்த்துவிட்டுத்தான் "ராசியில்லாதவர்" என்கிறார்கள்.

ஆரம்பம் அப்படி இல்லை. அப்பா அமெரிக்க ராணுவத்தில் இருந்ததால் 1983 செப்டம்பர் 9 அன்று மேற்கு ஜெர்மனியின் நோய்-உல்ம் நகரில் பிறந்தார். வளர்ந்தது ஜார்ஜியா மாநிலத்தின் கொலம்பஸ். 2001இல் புதுமுகத் தேர்வின் ஆறாவது சுற்றில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணி எடுத்தது. இரண்டே வருஷத்தில், சரியாக 20ஆவது பிறந்தநாளன்று, அரிசோனாவுக்கு எதிராக முதல் ஆட்டம். எதிரே பந்து வீசியவர் ராண்டி ஜான்சன். மறுநாள் ஜான்சனுக்கு 40ஆவது பிறந்தநாள்! பையன் ஆறு இன்னிங்ஸ் போட்டு ஒரே ஒரு ரன் கொடுத்தான். டாட்ஜர்ஸ் 4-1 என்று ஜெயித்தது. அடுத்த வருஷம் 'பேஸ்பால் அமெரிக்கா' இதழின் இளம் வீரர்கள் பட்டியலில் நாட்டிலேயே நான்காம் இடம்.

அப்புறம் பந்து சொன்னபடி கேட்கவில்லை. 2006 ஜனவரியில் டாம்பா பேவுக்கு அனுப்பினார்கள். அன்று கட்டத் தொடங்கிய பெட்டியை 2019 வரை அவர் முழுசாகப் பிரிக்கவே இல்லை.

என் கேள்வி இதுதான். 14 அணி என்றால் 14 பேர் கைவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்வதா, 14 பேர் கேட்டு வாங்கினார்கள் என்று எடுத்துக்கொள்வதா? நான் இரண்டாவது கட்சி.

#2 சேப்பாக்கம் டி ஸ்டாண்ட்

சார், நான் கிரிக்கெட் ஆள். ஐ.பி.எல்.லில் ஆரோன் ஃபின்ச் ஒன்பது அணிக்கு ஆடியதையே நாங்கள் வருஷக்கணக்கில் கிண்டல் செய்திருக்கிறோம். 14 என்றால் சீருடை வைக்க ஒரு பீரோ போதாதே!

இரண்டு சந்தேகம். ஒரு பௌலருக்கு எப்படி வெற்றி, தோல்வி எழுதுகிறார்கள்? 11 பேர் சேர்ந்துதானே தோற்பார்கள்? அப்புறம், இவர் தானாகப் போனாரா, போகச் சொன்னார்களா?

#3 மூன்றாம் பேஸ்

முதல் சந்தேகம்: அவர் மைதானத்தில் இருக்கும்போது அணி முன்னிலை பெற்று, அதைக் கடைசி வரை விடாமல் வைத்திருந்தால் வெற்றி அவர் கணக்கில் வரும். அவர் கொடுத்த ரன்னால் அணி பின்தங்கி அப்படியே தோற்றால் தோல்வி அவருக்கு. ஒன்பது பேர் ஆடினாலும் பழி ஒருவர் தலையில்தான். நியாயமான கணக்கு என்று இப்போது யாரும் சொல்வதில்லை. ஈ.ஆர்.ஏ. என்பது ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ரன் கொடுக்கிறார் என்பது. அவர் காலத்தில் 4 என்றால் பரவாயில்லை, 5 என்றால் வேலைக்கு ஆபத்து.

இரண்டாவது சந்தேகத்தில்தான் விஷயமே இருக்கிறது. அமெரிக்காவில் ஆட்டக்காரரின் ஒப்பந்தத்தையே ஓர் அணி இன்னொன்றுக்குக் கைமாற்றிவிடும். இதைத்தான் டிரேட் என்கிறார்கள். அவரிடம் கேட்கவே வேண்டாம். நம் ஊரில் அதிகாரிகளைப் பந்தாடுகிறார்கள் என்போமே, இங்கே நிஜமாகவே அதுதான். வேண்டாம் என்று சொல்லும் உரிமை ஒன்று உண்டு. மேஜர் லீகில் பத்து வருஷ சர்வீஸ் இருக்க வேண்டும், அதில் கடைசி ஐந்து வருஷம் ஒரே அணியில் இருந்திருக்க வேண்டும். ஜாக்சனுக்குப் பத்து வருஷம் வந்தது. ஐந்து? எந்த அணியும் அவரை மூன்று சீசனுக்கு மேல் வைத்துக்கொள்ளவில்லை. அடிக்கடி மாற்றப்படுகிறவருக்குத்தான் அந்த உரிமை தேவை, அவருக்குத்தான் அது கிடைக்கவே கிடைக்காது.

#4 எண்கணக்கு

உணர்ச்சிவசப்படாமல் பேசலாம். 2007இல் 5 வெற்றி, 15 தோல்வி. 2013இல் 8-18, மேஜர் லீகின் ஒரு பாதியான நேஷனல் லீகிலேயே அதிகத் தோல்வி. 2014இல் ஈ.ஆர்.ஏ. 6.33. இவர் நல்ல பிட்சர் என்று ஒரே மூச்சில் சொல்லக்கூடிய சீசன் எத்தனை? 2009 ஒன்று. டெட்ராய்ட்டுக்கு 214 இன்னிங்ஸ் போட்டு 3.62 வைத்திருந்தார், ஆல் ஸ்டார் (அந்த வருஷத்துச் சிறந்த ஆட்டக்காரர்களின் அணி) ஆட்டத்துக்குத் தேர்வானார். அதிலும் பிற்பாதி சறுக்கல்தான். 2008இல் டாம்பாவுக்கு 14 வெற்றி என்பீர்கள். அந்த அணியே அந்த வருஷம் 97 ஆட்டம் ஜெயித்தது.

வேகம் மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல், உடம்பு அடிக்கடி மக்கர் செய்யாது. அதனால் ஒவ்வொரு அணியின் பயிற்சியாளருக்கும் "நான் சரிசெய்துவிடுவேன்" என்ற ஆசை வந்தது. 14 பேர் கேட்டு வாங்கினார்கள் என்பதன் அர்த்தம் அவ்வளவுதான். ரிப்பேருக்கு வந்த வண்டியை 14 மெக்கானிக் பார்த்தார்கள்.

#5 ரிக்லி வெயில் பெஞ்ச்

எண்கணக்கு சார் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். நான் சிகாகோவில் இருக்கிறேன். 2013இல் எங்கள் கப்ஸ் இவருக்கு நான்கு வருஷத்துக்கு 52 மில்லியன் டாலர் கொடுத்தது. அணியே அப்போது வேண்டுமென்றே தோற்று இளம் வீரர்களைச் சேர்த்துக்கொண்டிருந்தது. இவர் ஒருவர்தான் பெரிய பெயர்.

2014இல் ஒரு நாள் ஆபீசுக்கு மட்டம் போட்டுவிட்டு ரிக்லி ஃபீல்டில் வெயிலில் உட்கார்ந்திருந்தேன். முதல் இன்னிங்ஸ் முடியவே அரை மணி நேரம் ஆனது போல இருந்தது. ஒவ்வொரு பந்துக்கும் இடையில் மேட்டிலிருந்து இறங்குவார், தொப்பியைச் சரிசெய்வார், பந்தைத் தேய்ப்பார், மறுபடி ஏறுவார். பக்கத்து இருக்கைத் தாத்தா, பேத்திக்கு ஸ்கோர் எழுதச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவர், ஸ்கோர் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார்.

2015 ஜூலையில் விடுவித்தார்கள். வயிறு எரிவது அதற்கும் மேல்: ஒப்பந்தம் 2016 வரை இருந்ததால் அந்த வருஷமும் சம்பளத்தின் பெரும்பகுதி எங்கள் கஜானாவிலிருந்துதான் போனது. 1908க்குப் பிறகு முதல் முறையாக நாங்கள் கோப்பையை வென்ற வருஷம் அது. அவரோ மயாமியிலும் சான் டியேகோவிலும் வீசிக்கொண்டிருந்தார்.

#6 சேப்பாக்கம் டி ஸ்டாண்ட்

ஒரு நிமிஷம். வேறு அணிக்கு ஆடுகிறவருக்கு நீங்கள் சம்பளம் கொடுத்தீர்களா?

#7 ரிக்லி வெயில் பெஞ்ச்

ஆமாம் தம்பி. விடுவித்த அணிதான் மீதிப் பணத்தைக் கட்ட வேண்டும். புதிதாக எடுக்கும் அணி லீகின் குறைந்தபட்சச் சம்பளத்தைக் கொடுத்தால் போதும், அது மட்டும் எங்கள் பாக்கியில் கழியும். அட்லாண்டா அப்படித்தான் எடுத்தது. கிட்டத்தட்ட இலவசம். "கேட்டு வாங்கினார்கள்" என்ற பேச்சில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

#8 மூன்றாம் பேஸ்

சரி, கப்ஸ் காலத்துக்கு நான் வக்காலத்து வாங்கப்போவதில்லை. ஆனால் 2010 ஜூன் 25 பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே?

அப்போது அரிசோனாவில் இருந்தார். ஆட்டம் டாம்பா பேவின் மைதானத்தில், தன் பழைய அணிக்கு எதிராக. பேட்ஸ்மேன் பந்தை அடித்து அதனால் பேஸை எட்டினால் ஹிட். பிட்சர் எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் ஆட்டத்தை முடித்தால் நோ-ஹிட்டர். பல மகா பிட்சர்களுக்கு வாழ்நாளில் ஒன்றுகூட அமைந்ததில்லை.

அந்த ராத்திரி அவர் கையில் பந்து நிற்கவே இல்லை. பேட்ஸ்மேன் அடிக்கக்கூடிய எல்லைக்கு வெளியே நான்கு பந்து போனால் பேட்ஸ்மேன் சும்மாவே முதல் பேஸுக்கு நடந்து போவார், அதுதான் வாக். முதல் மூன்று இன்னிங்ஸுக்குள் ஏழு வாக்! மூன்றாவது இன்னிங்ஸில் ஒருவர்கூட அவுட் ஆகவில்லை, மூன்று பேஸிலும் ஆள், எல்லாரும் நடந்தே வந்தவர்கள். அரிசோனாவுக்கு ஆடம் லாரோச் அடித்த ஒரே ஒரு ஹோம் ரன்தான் (நம் சிக்ஸர் மாதிரி, பந்து வேலியைத் தாண்டும் அடி) முன்னிலை. அங்கே ஒரு ஹிட் விழுந்திருந்தால் அவரை வெளியே கூப்பிட்டிருப்பார்கள், இந்த இழையே இருந்திருக்காது. ஒரு ரன்கூடக் கொடுக்காமல் தப்பித்தார்.

அதற்குப் பிறகு ஆறு இன்னிங்ஸில் ஒரே ஒரு வாக். ஆனால் பந்து எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. சாதாரணமாக நூறை நெருங்கினாலே ஆளை மாற்றுவார்கள். மேனேஜர் ஏ.ஜே. ஹின்ச் பக்கத்தில் பந்து எண்ணும் கருவி இருந்திருக்கும், அதைப் பார்க்க அவருக்குத் தைரியம் இருந்திருக்காது. ஹிட் விழாத வரை எப்படி எடுப்பது? கடைசி ஆள் அவுட் ஆகும்போது 149 பந்து. 1-0. எட்டு வாக், ஓர் ஆளின் மேல் பந்து பட்டது, தடுப்பில் ஒரு பிழை. ஆக மொத்தம் பத்துப் பேர் பேஸுக்கு வந்தும் ஹிட் இல்லை, ரன் இல்லை.

#9 எண்கணக்கு

நான் பார்த்ததிலேயே அவலட்சணமான நோ-ஹிட்டர். நீங்கள் சொன்னதையெல்லாம் என் தரப்புச் சாட்சியாகவும் வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் நடந்ததையும் சொல்லுங்கள் சார். அதற்கு ஐந்து வாரம் கழித்து, ஜூலை 30 அன்று, அரிசோனா அவரை சிகாகோ ஒயிட் சாக்ஸுக்குத் தள்ளிவிட்டது.

#10 மூன்றாம் பேஸ்

"தள்ளிவிட்டது" என்கிறீர்களே, ஒயிட் சாக்ஸ் அவருக்குப் பதிலாகக் கொடுத்தது யாரை? டேனியல் ஹட்சனை. 2019 வேர்ல்ட் சீரிஸின், அதாவது லீகின் இறுதித் தொடரின், கடைசிப் பந்தை வாஷிங்டனுக்காக வீசியவர் அந்த ஹட்சன்தான். 2009 டிசம்பரில் டெட்ராய்ட்டிலிருந்து ஜாக்சன் அரிசோனாவுக்குப் போனது மூன்று அணி சேர்ந்த பரிமாற்றத்தில், அதில் எதிர்த்திசையில் டெட்ராய்ட்டுக்குப் போனவர்களில் ஒருவர் மேக்ஸ் ஷெர்சர், பிற்காலத்தில் பெரிய பிட்சர் ஆனவர். வேண்டாத சாமானுக்கு இப்படி விலை கொடுக்க மாட்டார்கள்.

#11 எண்கணக்கு

ஷெர்சரையும் ஹட்சனையும் கொடுத்தவர்கள் பிறகு தலையில் கைவைத்துக்கொண்டார்கள் என்பதையும் எழுதிவிடுங்கள். 🙂

#12 பழைய ஸ்கோர்புக்

தாமதமாக வருகிறேன். செயின்ட் லூயிஸில் 30 வருஷமாக இருப்பவன். 2011ஐ நான் சொல்லாமல் யார் சொல்வது?

ஜூலை 27. காலையில் ஜாக்சன் ஒயிட் சாக்ஸ் ஆள். அவர்கள் அவரை டொரான்டோவுக்குக் கொடுத்தார்கள். கூடவே பெரிய சம்பளத்தில் இருந்த மார்க் டீஹனையும் தள்ளிவிட்டார்கள், "இவர் வேண்டுமென்றால் அவரையும் எடுத்துக்கொள்" என்கிற மாதிரி. டொரான்டோ அன்றைக்கே ஜாக்சனை எங்கள் கார்டினல்ஸுக்குக் கொடுத்து கோல்பி ராஸ்மஸை வாங்கிக்கொண்டது. டொரான்டோ சீருடையை அவர் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். சில மணி நேரம் காகிதத்தில் மட்டும் அந்த ஊர்க்காரர்.

எங்கள் ஊருக்கு வந்த அதே பொட்டலத்தில் இன்னொரு பிட்சரும் வந்தார், ஆக்டேவியோ டோடெல். அவருக்கு அது 12ஆவது அணி. அடுத்த வருஷம் டெட்ராய்ட் போய் 13 என்று சாதனை படைத்தவர். அந்தச் சாதனையைப் பிற்காலத்தில் முறியடிக்கப்போகிற ஜாக்சனும் அவரும் ஒரே நாளில், ஒரே பரிமாற்றத்தில், ஒரே அறைக்குள் வந்து இறங்கினார்கள். அன்று யாருக்குத் தெரியும்?

ஆகஸ்ட் கடைசியில் பிளே ஆஃப் (நாக் அவுட் சுற்று) இடத்துக்கு நாங்கள் பத்தரை ஆட்டம் பின்தங்கியிருந்தோம். எப்படியோ கடைசி நாளில் உள்ளே நுழைந்தோம். பிலடெல்பியாவுடன் நான்காவது ஆட்டம், தோற்றால் ஊருக்குப் போக வேண்டியதுதான். ஜாக்சன் முதல் இன்னிங்ஸிலேயே இரண்டு ரன் கொடுத்துவிட்டார். நான் டிவியை அணைக்கப் போனேன், மருமகள் தடுத்தாள். அதற்குப் பிறகு ஒரு ரன்னும் கொடுக்கவில்லை மனுஷன். 5-3. மைதானத்துக்குள் அணில் ஓடியதே, அதே ஆட்டம்தான்.

வேர்ல்ட் சீரிஸ் நான்காவது ஆட்டத்தில் டெக்சாஸிடம் ஏழு வாக் கொடுத்துத் தோற்றார், மறைக்கவில்லை. ஆனால் ஆறாவது ஆட்டத்தில் ஒரு சின்ன சங்கதி உண்டு. பத்தாவது இன்னிங்ஸ், நாங்கள் இரண்டு ரன் பின்னால், இரண்டு பேர் பேஸில். பேட் செய்ய வேண்டிய முறை பிட்சருடையது. மேனேஜர் டோனி லா ருசாவிடம் மாற்று பேட்ஸ்மேன்கள் தீர்ந்துவிட்டார்கள். ஜாக்சன் பெயரை அறிவித்தார்கள். என் ஸ்கோர்புக்கில் பெயரை எழுதி முடிப்பதற்குள் மனசை மாற்றிக்கொண்டு, அவருக்குப் பதில் கைல் லோஸ் என்ற இன்னொரு பிட்சரை அனுப்பினார்கள். லோஸ் பந்தைத் தட்டி வைத்து இரண்டு பேரையும் ஒரு பேஸ் முன்னே நகர்த்தினார். ஆட்டம் சமமாகி, 11ஆவதில் டேவிட் ஃப்ரீஸ் ஹோம் ரன் அடித்து முடித்தார். ஜாக்சன் ஒரு பந்தையும் சந்திக்கவில்லை. ஆனாலும் அந்த ஆட்டத்தின் ஸ்கோர் அட்டையில் அவர் பெயர் ஒரு வரி இருக்கிறது. என் நோட்டில் அடித்து எழுதியிருக்கிறேன், இப்போதும் எடுத்துப் பார்த்தேன்.

மறுநாள் ஏழாவது ஆட்டமும் ஜெயித்தோம். சாம்பியன் அணிக்குக் கொடுக்கும் மோதிரம் அவர் விரலில் இருக்கிறது. எண்கணக்கு தம்பி அதை எந்தக் கட்டத்தில் எழுதுவார் என்று பார்க்கலாம்.

#13 தாமிரபரணி

எனக்குப் பேஸ்பால் சுத்தமாகத் தெரியாது, சமையல் பகுதிக்கு மட்டும் வருகிறவள். "பந்தாடப்பட்டவரா" என்ற தலைப்பைப் பார்த்து உள்ளே வந்துவிட்டேன்.

அப்பா வங்கி அதிகாரி. பத்தாம் வகுப்பு முடிவதற்குள் நான் ஆறு பள்ளிக்கூடம் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் அம்மா பால் காய்ச்சும் பாத்திரத்தை லாரியில் ஏற்ற விடமாட்டாள், மடியிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவாள். நான்காவது மாற்றலுக்குப் பிறகு இரண்டு அட்டைப் பெட்டிகளைப் பிரிப்பதையே விட்டுவிட்டாள். கயிறு கட்டினபடி பரண் ஏறும், கயிறு கட்டினபடி அடுத்த ஊருக்கு வரும். அம்மா இறந்த பிறகுதான் பிரித்துப் பார்த்தோம். கொலு பொம்மை.

இந்த ஆட்டக்காரர் வேலையை மட்டுமே பேசுகிறீர்கள். போகிற இடமெல்லாம் வீடு பார்ப்பது, மறுபடி புது ஆட்களோடு பழகுவது, இதெல்லாம் எப்படிச் செய்தார்? 14 இடத்திலும் இவரோடு வேலை செய்ய முடியாது என்று யாராவது சொன்னார்களா?

#14 மூன்றாம் பேஸ்

இந்த இழையிலேயே நல்ல கேள்வி உங்களுடையதுதான் மேடம்.

இல்லை. 17 வருஷத்தில் போன இடமெல்லாம் கூட ஆடியவர்களிடம் நல்ல பெயர்தான். அறையைக் கெடுக்கிற ஆளாக இருந்தால் 4.78 வைத்துக்கொண்டு ஐந்தாவது அணியோடு கதை முடிந்திருக்கும். ராணுவ வீட்டுப் பிள்ளை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். அவர் வளர்ந்த கொலம்பஸ், ஃபோர்ட் பென்னிங் முகாமை ஒட்டிய ஊர். வகுப்பில் பாதிப் பேர் எங்கிருந்தோ வந்தவர்கள், எங்கேயோ போகப்போகிறவர்கள்.

வீடு பார்ப்பது பற்றி: சீசன் நடுவில் மாற்றினால் பெரும்பாலும் ஓட்டல், இல்லாவிட்டால் சில மாத வாடகை. கார் தனியாக லாரியில் பின்னால் வரும். குடும்பம் பள்ளி விடுமுறைக்கு வந்து போகும்.

#15 கொலீசியம் மேல்மாடி

2018 வரட்டும் என்று காத்திருந்தேன். யாரும் வருவதாகத் தெரியவில்லை, நானே எழுதுகிறேன்.

அந்த வருஷம் வாஷிங்டனின் மைனர் லீகில், அதாவது கீழ்மட்ட அணியில், கிடந்தார். 34 வயது. மேலே கூப்பிடாததால் ஒப்பந்தத்தில் இருந்த வெளியேறும் பிரிவைப் பயன்படுத்திக்கொண்டு வந்துவிட்டார். எங்கள் ஓக்லாந்தில் பிட்சர்கள் ஒவ்வொருவராகக் காயம்பட்டு விழுந்துகொண்டிருந்த நேரம். ஜூன் 25 அன்று டெட்ராய்ட்டில் இறக்கினார்கள். அந்த நோ-ஹிட்டர் நடந்து சரியாக எட்டு வருஷம்! அவருக்கு அது 13ஆவது அணி, டோடெலுக்குச் சமம்.

எங்கள் மைதானமான கொலீசியத்தில் அப்போது பிட்சர்கள் தயாராகும் இடம் மைதானத்துக்குள்ளேயே, ஓரமாக இருந்தது. சுவர் கிடையாது. ஆகஸ்டில் ஒரு நாள் கீழே இறங்கிப் போய்ப் பத்தடி தூரத்தில் நின்று பார்த்தேன். முதல் பத்துப் பதினைந்து பந்து சும்மா, கேட்சரோடு பேசிக்கொண்டே போட்டார். அப்புறம் பேச்சு நின்றது. ஸ்லைடரை (கடைசியில் பக்கவாட்டில் விலகும் பந்து) வெளி மூலைக்குப் போடுவார், கேட்சர் கையுறையை அசைக்காமல் வைத்திருப்பார், பந்து அரை அடி தள்ளிப் போகும். ஜாக்சன் கையுறைக்குப் பின்னால் தனக்குத்தானே ஏதோ சொல்லிக்கொள்வார். மறுபடி அதே பந்து. ஏழெட்டு முறைக்குப் பிறகு கையுறை அசையாமலே பந்து உள்ளே போய் விழுந்தது. உடனே இடத்தை மாற்றச் சொல்லிக் கையைக் காட்டினார். முடிந்ததும் பக்கத்தில் நின்ற பந்து பொறுக்கும் பையனுக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார்.

17 ஆட்டம், 6-3, ஈ.ஆர்.ஏ. 3.33. நாங்கள் 97 ஆட்டம் ஜெயித்தோம். யாரும் எதிர்பார்க்காத சீசன் அது. எண்கணக்கு சார், 14 மெக்கானிக் என்றீர்களே, 13ஆவது மெக்கானிக் கையில் வண்டி ஓடியது.

#16 எண்கணக்கு

2018ஐ ஒப்புக்கொள்கிறேன், அது நிஜம். மோதிரத்தையும் ஒப்புக்கொள்கிறேன், ஸ்கோர்புக் ஐயாவுக்காக.

ஆனால் 2019? டொரான்டோ மே மாதம் பணம் கொடுத்து எடுத்தது, 14ஆவது அணி, சாதனை. அங்கே ஈ.ஆர்.ஏ. 11ஐத் தாண்டியது. ஜூலையில் விட்டுவிட்டார்கள். டெட்ராய்ட் மறுபடி எடுத்து மீதி சீசனை ஓட்டியது. இதையும் "தேடி அழைத்தார்கள்" என்பீர்களா? இரண்டு அணியும் அந்த வருஷம் அடிமட்டத்தில் கிடந்தவை. யாராவது ஒருவர் போய் இன்னிங்ஸைத் தின்ன வேண்டும். இளம் பிட்சரை அனுப்பி அவன் கையைக் கெடுப்பானேன் என்று இவரை அனுப்பினார்கள்.

#17 பழைய ஸ்கோர்புக்

அதுவும் ஒரு வேலைதானே தம்பி? 20 வயசில் ராண்டி ஜான்சனை ஜெயித்தவன், 35 வயசில் பையன்கள் கை கெட்டுவிடக்கூடாது என்று போய் அடி வாங்கினான். ஆனாலும் பாருங்கள், 2011இல் சில மணி நேரம் காகிதத்தில் மட்டும் இருந்த டொரான்டோ, எட்டு வருஷம் கழித்து நிஜமாகவே சீருடை கொடுத்துவிட்டது.

#18 வளைபந்து

யாரும் ரிச் ஹில்லைச் சொல்லவில்லையே! 14 என்ற சாதனை இப்போது ஜாக்சனுக்கு மட்டும் சொந்தமில்லை. 2025 ஜூலை 22 அன்று ஹில் கேன்சஸ் சிட்டிக்காக இறங்கி அதைச் சமன் செய்தார், 45 வயதில். இடம் ரிக்லி ஃபீல்ட், எதிரணி கப்ஸ். 2005இல் அவர் முதன்முதலில் ஆடிய அணி.

என்னைக் கேட்டால் ஊர் ஊராகப் போனவர்களில் அரசன் ஹில்தான். 2015இல் லாங் ஐலண்ட் டக்ஸ் என்ற, மேஜர் லீகோடு சம்பந்தமே இல்லாத அணியில் வீசிக்கொண்டிருந்தவர், அடுத்த வருஷ முடிவில் டாட்ஜர்ஸோடு 48 மில்லியன் ஒப்பந்தம் போட்டார். 2017இல் பிட்ஸ்பர்கில் ஒன்பது இன்னிங்ஸ் நோ-ஹிட்டர் போட்டும், சொந்த அணி ஒரு ரன்கூட எடுக்காததால் பத்தாவதிலும் வீசப் போய், ஒரே ஹோம் ரன்னில் தோற்றார். ராசியில்லாத ஆட்டக்காரர் இழைக்கு அவர்தான் பொருத்தம்.

#19 மூன்றாம் பேஸ்

ஹில்லுக்குத் தனி இழை போடுங்கள், முதல் ஆளாக வருகிறேன். ஆனால் இரண்டும் வேறு வேறு கதை. ஹில் தோளும் முழங்கையும் உடைந்து, கிட்டத்தட்ட வேலையை இழந்து, வளைபந்து ஒன்றை வைத்து மீண்டு வந்தவர். ஜாக்சனுக்கு உடம்பு உடையவே இல்லை. கிட்டத்தட்ட 2,000 இன்னிங்ஸ். ஒருவேளை அதுதான் அவரை நிற்க விடவில்லையோ என்னவோ. எந்த நாளில் கேட்டாலும் வீசத் தயாராக இருப்பவரைத்தான் எல்லாரும் கூப்பிடுவார்கள்.

ஒன்று விட்டுப்போனது. 2020இல் அரிசோனாவுடன் மைனர் லீக் ஒப்பந்தம் போட்டார், கொரோனா வந்து எல்லாம் நின்றது. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு அமெரிக்க அணியில் போனார். இறுதி ஆட்டத்தில் ஜப்பானிடம் 2-0 தோல்வி, வெள்ளிப் பதக்கம். டாம்பாவில் கூட ஆடிய ஸ்காட் காஸ்மிரும் அந்த அணியில் இருந்தார். அடுத்த மாதம், 38 வயது முடிந்த மறுநாள், ஓய்வை அறிவித்தார். ஒலிம்பிக் சீருடையைச் சேர்த்தால் 15 என்று நான் எண்ணிக்கொள்கிறேன். எண்கணக்கு சார் ஒப்புக்கொள்ள மாட்டார்.

#20 எண்கணக்கு

ஒப்புக்கொள்ள மாட்டேன். 14தான்.

#21 ரிக்லி வெயில் பெஞ்ச்

52 மில்லியன்.

#22 சேப்பாக்கம் டி ஸ்டாண்ட்

உங்கள் எல்லார் பேச்சையும் கேட்டுவிட்டு அந்த 149 பந்து ஆட்டத்தைத் தேடிப் பிடித்து உட்கார்ந்திருக்கிறேன். பாதி விதி புரியவில்லை, பரவாயில்லை. இப்போது மூன்றாவது இன்னிங்ஸ். மூன்று பேஸிலும் ஆள் நிற்கிறார்கள், ஒருத்தரும் அவுட் இல்லை. முடிவு தெரிந்தும் கை வியர்க்கிறது. இவர் தொப்பியைக் கழற்றுகிறார், நெற்றியைத் துடைக்கிறார், போடுவேனா என்கிறார். வீட்டில் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். இந்த இன்னிங்ஸ் முடிந்ததும் வருகிறேன்.